செட்டிநாட்டு வீடு: பார்வைக் கட்டணமா, தங்கும் விடுதியா?

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி வட்டாரத்தில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டைக் காப்பாற்ற இரண்டு வழிகள் உண்டு.

பார்வைக் கட்டணம் எளிது. முகப்பும் வளவும் (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) மட்டும் திறந்தால் போதும். சுவரில் கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் வருகிறவர் அரை மணியில் கிளம்பிவிடுவார். காவலாளிக்கும் துப்புரவாளருக்கும் சம்பளம் கிடைக்கும். ஓடு மாற்றும் அளவுக்குப் பணம் சேராது.

விடுதியானால் சமையல், சலவை, கைத்தறிச் சேலை, கொத்தனார் என ஊருக்குள் பணம் சுற்றும். கெடுவது குளியலறையில்தான். சுண்ணாம்புச் சுவரை வெட்டிக் குழாய் பதித்து சிமெண்டால் அடைப்பார்கள். கசியும் ஈரம் சிமெண்ட் வழியே எளிதில் வெளியேறாமல் பக்கத்துப் பூச்சுக்கு ஏறும். உப்புப் பூத்து, பழைய பூச்சு பொரிந்து உதிரும். குளியலறைகளைப் பின்கட்டில் வையுங்கள். குழாய்கள் சுவருக்கு வெளியே ஓடட்டும். ஒட்டுப்போட நன்றாக நீற்றிய சுண்ணாம்பே வேண்டும். ஆத்தங்குடியில் கையால் செய்த வண்ணக் கற்கள் பதித்த தரையில் ஆசிட் ஊற்றவே கூடாது, நிறம் போய்விடும். தேங்காயெண்ணெய் தொட்ட துணி போதும்.

இரண்டுக்கும் முன்னால் பங்காளிகள் அத்தனை பேரின் எழுத்துச் சம்மதம் தேவை. பல திட்டங்கள் இங்கேதான் நிற்கின்றன. முன்னோரை வணங்கும் படைப்புக்காகப் பங்காளிகள் வீட்டுக்கு வரும் நாட்களை ஒப்பந்தத்திலேயே ஒதுக்குங்கள்.

கையில் முதலும் நிரந்தரக் கொத்தனாரும் இருந்தால் விடுதி. இல்லையென்றால் கட்டணத்தோடு மதியச் சாப்பாட்டையும் சேருங்கள். வருமானம் சமைப்பவர் வீடுவரை போகும்.