வேகம் போதும், மெதுவாகப் போகும்போது உதவினால் நல்லது: டெல்டாவில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் நீண்டகால அனுபவம்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் அடுத்த மாடலில் என்ன வேண்டும் என்று கேட்டால், கூடுதல் குதிரைத்திறன், குறைந்த எடை, கையால் மாற்றும் கியர், இன்னும் கொஞ்சம் உறுமும் சைலன்சர் என்ற நான்கைத் தாண்டிப் பேச்சு பெரும்பாலும் போவதில்லை. கும்பகோணத்தில் இருந்துகொண்டு, சில ஆண்டுகளாக இப்படியொரு வண்டியை வெயிலிலும் மழையிலும் அறுவடைக் காலத்திலும் ஓட்டிவரும் என்னுடைய பட்டியல் வேறு. அதில் உள்ள விருப்பங்களில் ஏறத்தாழ எல்லாமே, வண்டி மணிக்கு 40 கிலோமீட்டருக்குக் கீழே நகரும் நேரத்தையும், நகராமல் கொட்டகையில் நிற்கும் நேரத்தையும் பற்றியவை.

என்னுடையது ஐரோப்பாவில் தயாராகி முழு வண்டியாக இறக்குமதியான இரண்டு கதவு கூபே. பின்சக்கர இயக்கம், டர்போ பெட்ரோல் எஞ்சின், இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர். சென்னையில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். நான் சொல்லப்போகும் குறைகள் இந்த வகை வண்டிகள் பெரும்பாலானவற்றுக்கும் பொதுவானவை என்பதே காரணம்.

எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் சேத்தியாத்தோப்பு–சோழபுரம் இடையிலான 50 கிலோமீட்டர் பகுதி 2025 ஜூலையில் திறக்கப்பட்ட பிறகு, விடியற்காலையில் சென்னைக்குக் கிளம்புவது ஒரு வேலையாக இல்லாமல் இன்பமாகவே ஆகிவிட்டது. ஆனால் அந்தச் சாலையிலும் சட்டம் அனுமதிக்கும் வேகத்தை எட்ட இந்த எஞ்சினின் பாதித் திறன்கூடத் தேவைப்படுவதில்லை. அடுத்த மாடலில் இன்னும் 50 குதிரைத்திறன் கூட்டியிருக்கிறோம் என்று நிறுவனம் சொன்னால், அதை எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

உரிமையாளர்களின் விருப்பத்தை நிறுவனங்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று சொல்வதற்கும் இல்லை. 2013இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 இரட்டை கிளட்ச் கியருடன் மட்டுமே கிடைத்தது; ஆர்வலர்களின் முணுமுணுப்பு ஓயாததைக் கண்டு 2016இல் கைக்கியர் கொண்ட "911 ஆர்" என்ற மாடல் 991 வண்டிகள் மட்டும் தயாரிக்கப்பட்டது, அடுத்த ஆண்டே ஜிடி3க்கும் கைக்கியர் திரும்பி வந்தது. 2019இல் ஆட்டோமேட்டிக் மட்டுமே கொண்டு வந்த டொயோட்டா சுப்ராவுக்கு 2022இல் கைக்கியர் அறிவிக்கப்பட்டது. அதே நிறுவனத்தின் 86 மாடலில் நடுத்தரச் சுழற்சியில் இழுவை சோர்ந்துபோகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுத்த தலைமுறையில் எஞ்சின் 2.0 லிட்டரிலிருந்து 2.4 லிட்டராகி, இழுவிசை 205 நியூட்டன் மீட்டரிலிருந்து 250 ஆகி, அதுவும் நிமிடத்துக்கு 3,700 சுழற்சியிலேயே கிடைக்கத் தொடங்கியது. ஆகவே கேட்டால் கிடைக்கும். ஆனால் கேட்பவர்கள் பெரும்பாலும் பந்தயத் தடத்தையும் மலைப்பாதையையும் மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள், சமவெளிக்காரன் கேட்பதில்லை.

முதலாவதும் முக்கியமானதும் வண்டியின் வயிறு. என் வண்டிக்கும் தரைக்கும் இடையே உள்ள இடைவெளி சுமார் 12 சென்டிமீட்டர். இந்தியச் சாலைக் குழுமத்தின் தரநிலைப்படி ஒரு வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு, 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டாக இருக்க வேண்டும். இப்படிப்பட்ட வேகத்தடையின் மேல் இரண்டரை மீட்டர் சக்கர இடைவெளி கொண்ட வண்டி ஏறி நிற்கும்போது, முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் கோட்டுக்கு மேலே மேடு 5 சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் எழும். கணக்குப்படி 12 சென்டிமீட்டர் தாராளம். கல்லணையிலிருந்து காவிரிக்கரையை ஒட்டிப் பூம்புகார் வரை போகும் சாலையில் நான் ஏறி இறங்கும் வேகத்தடைகளில் எத்தனை இந்தத் தரநிலையைப் பார்த்திருக்கின்றன என்பது வேறு விஷயம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒன்று, கோயிலுக்கு முன்னால் ஒன்று, போன மாதம் விபத்து நடந்த வளைவில் புதிதாக ஒன்று என்று அவை முளைக்கின்றன. ஒரு முழம் அகலத்தில் செங்குத்தாக எழும் அந்த மேட்டில், சக்கரம் தாண்டிய பிறகு இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உள்ள பகுதிதான் உரசுகிறது.

முன்பகுதியைத் தூக்கும் வசதி இப்போது பல ஸ்போர்ட்ஸ் கார்களில் இருக்கிறது. எட்டாம் தலைமுறை செவ்ரோலே கார்வெட் மூக்கை 40 மில்லிமீட்டர் உயர்த்துவதோடு, ஜிபிஎஸ் மூலம் 1,000 இடங்கள் வரை நினைவில் வைத்துக்கொண்டு அங்கே வரும்போது தானாகவே உயர்த்திக்கொள்கிறது. போர்ஷே 911இலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. வீட்டு வாசல் சரிவுக்கு இது மிக நல்ல யோசனை. ஆனால் மூக்கு 40 மில்லிமீட்டர் உயரும்போது வண்டியின் நடுப்பகுதி அதில் பாதிதான் உயர்கிறது என்பதை வடிவியலே சொல்லிவிடும். எங்களுக்கு உரசுவது நடுப்பகுதி. ஆகையால் நான்கு சக்கரங்களிலும் சேர்ந்து உயரும் சஸ்பென்ஷன், 40 கிலோமீட்டர் வேகம் வரை உயரத்திலேயே நிற்கும் தன்மை, திரையில் தேடாமல் ஸ்டியரிங்கிலேயே ஒரு பொத்தான் ஆகிய மூன்றும் வேண்டும். இந்த வசதியால் இன்னொரு நன்மையும் வரும். 2024இல் வந்த போர்ஷே பனமேராவில் கதவைத் திறந்ததும் வண்டி தானே சில சென்டிமீட்டர் எழுந்து ஏற, இறங்க வழிவிடும் ஏற்பாடு கொண்ட சஸ்பென்ஷனை வாங்கலாம். வேட்டி கட்டிக்கொண்டு கல்யாண மண்டபத்து வாசலில் எல்லோரும் பார்க்க இந்த வண்டியிலிருந்து இறங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

டயர் விஷயமும் இதையொட்டியதே. என் வண்டியின் பின்டயர் 255/35 ஆர்19. அதாவது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் சுவரின் உயரம் 89 மில்லிமீட்டர்தான். வயலில் சேறு உழுத டிராக்டர்கள் கேஜ் வீல் எனும் பல் வைத்த இரும்புச் சக்கரத்தோடு தார்ச்சாலையில் ஏறிப்போன தடங்களில் இந்த டயர் ஓடும்போது ஒவ்வொரு பல்லும் முதுகுத்தண்டில் தெரிகிறது, ரிம் வளையும் பயமும் உண்டு. 255/40 ஆர்18 என்று போட்டால் மொத்த விட்டம் ஏறக்குறைய அதேதான், ரப்பர் சுவர் மட்டும் 102 மில்லிமீட்டராகிறது. ஆனால் பிரேக்கின் அளவு காரணமாக 18 அங்குல ரிம் உள்ளே நுழைவதில்லை. இந்தியாவுக்கு அனுப்பும் வண்டிகளிலாவது 18 அங்குல ரிம் பொருந்தும் பிரேக்கை ஒரு தேர்வாகத் தரலாம்.

ஸ்டெப்னி இல்லை; அதற்குப் பதிலாக டிக்கியில் ஒரு பாட்டில் பசையும் சிறிய காற்றடிப்பானும் இருக்கின்றன. ஆணி குத்தினால் பசை அடைக்கும், பக்கச் சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. திருவையாற்றுப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பஞ்சர் ஒட்டிடலாம் தம்பி, ஜாக்கிய எங்க குடுக்கணும்னு மட்டும் நீங்க சொல்லுங்க" என்றார். அவர் கேட்டது சரி. அடிப்பகுதி முழுவதும் பிளாஸ்டிக் பலகையால் மூடியிருக்கும் வண்டியில் ஜாக்கி வைக்கும் இடத்தை வெளியே தெரியும்படி ஒரு அம்புக்குறியால் காட்டுவதற்கு என்ன செலவாகிவிடும்?

அந்தப் பிளாஸ்டிக் பலகை எங்கள் ஊரில் வேறொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. குறுவை அறுவடை ஐப்பசி மழையோடு மோதும்போது, காய வைக்கக் களம் இல்லாத விவசாயிக்குத் தார்ச்சாலைதான் களம். அதில் எனக்கு மனக்குறை ஏதுமில்லை, என் தொழிலே அந்த நெல்லை நம்பித்தான் இருக்கிறது. ஆனால் சாலையில் கிடக்கும் வைக்கோல், தாழ்ந்த வண்டியின் அடியில் காற்றுக்காக விட்ட திறப்புகள் வழியாக உள்ளே புகுந்து சுற்றிக்கொள்கிறது. எஞ்சின் புகையைச் சுத்திகரிக்கும், பல நூறு டிகிரி வெப்பத்தில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் காய்ந்த வைக்கோல் சேர்வது வேடிக்கையான காரியம் அல்ல. புகைநாற்றம் வந்து வண்டியை ஓரங்கட்டிய அனுபவம் எனக்கு உண்டு. பலகையைக் கழற்றிச் சுத்தம் செய்யலாமென்றால் அதற்கென்று தனிவகைத் திருகாணிகள், அவற்றுக்கான கருவி டூல் கிட்டில் கிடையாது. திறப்புகளுக்குக் கம்பிவலையும், கையால் திருப்பிக் கழற்றும் கிளிப்புகளும், கன்வெர்ட்டரைச் சுற்றி இன்னும் நெருக்கமான வெப்பத் தடுப்பும் தந்தால் போதும்.

எலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வயலில் தஞ்சாவூர்க் கிட்டி வைத்துப் பிடித்தும் தீராத எலிகள் அறுவடை முடிந்ததும் வீட்டுப் பக்கம் வந்துவிடுகின்றன; அதிகம் ஓட்டாமல் நிறுத்தியிருக்கும் வண்டியின் எஞ்சின் அறை அவற்றுக்குத் தோதான இடம். ஒரு முறை வயரிங்கைக் கடித்ததற்கு வந்த பில் தொகையில் நல்ல ஸ்கூட்டர் ஒன்று வாங்கியிருக்கலாம். மிளகாயின் காரச்சத்து ஏற்றிய டேப் ஒன்றை ஹோண்டா நிறுவனம் தன் உதிரிபாகங்களில் வைத்திருக்கிறது. இத்தனை விலையுள்ள வண்டிகளில் அதைத் தொழிற்சாலையிலேயே சுற்றி அனுப்பலாம்.

எரிபொருள்தான் இப்போது என்னை அதிகம் யோசிக்க வைக்கும் விஷயம். 20 சதவீத எத்தனால் கலப்புக்கு முதலில் 2030 என்றிருந்த இலக்கு முன்னுக்குக் கொண்டுவரப்பட்டு, 2023இல் விற்பனை தொடங்கி, 2025இல் எட்டப்பட்டும் விட்டது. என் வண்டியின் பெட்ரோல் மூடிக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோ 10 சதவீதம் வரைதான் என்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் குறைவது கணக்குப்படி நடப்பதே, ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவன் அதற்காக அழக்கூடாது. கவலை ரப்பர்க் குழாய்களையும் உயரழுத்தப் பம்பையும் பற்றியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. வடகிழக்குப் பருவமழையின்போது வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கியில் அது நல்லதல்ல. இதற்கு மாற்றாகப் பார்த்தால், 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்திய 100 ஆக்டேன் (நேரத்துக்கு முன்பே தீப்பற்றாமல் தாங்கும் திறனைக் காட்டும் எண்) பெட்ரோலும் தேர்ந்தெடுத்த நகரங்களுக்கே உரியது. அதைத் தேடிப் போவதற்கே ஒரு டாங்கி செலவாகிவிடும்.

இருந்தாலும் எத்தனாலைப் பகையாகப் பார்ப்பவர்களோடு நான் உடன்படவில்லை. அதன் ஆக்டேன் எண் உயர்ந்தது, ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கிறது. டர்போ எஞ்சினுக்கு இவ்விரண்டும் வரம். ஸ்வீடனின் கோனிக்செக் 2007இல் கொண்டுவந்த சிசிஎக்ஸ்ஆர், சாதாரண பெட்ரோலில் ஓடும் தன் உடன்பிறப்பைவிட 200க்கும் மேற்பட்ட குதிரைத்திறனை 85 சதவீத எத்தனால் கலவையிலிருந்து கூடுதலாக எடுத்தது. டாங்கியில் இருக்கும் கலவையின் அளவை ஒரு சென்சார் கண்டறிந்து, அதற்கேற்ப எஞ்சின் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு புதிய கண்டுபிடிப்பு அல்ல. இந்திய உணவுக் கழகத்தின் அரிசிகூட எத்தனாலாகிக்கொண்டிருக்கும் காலத்தில், இந்தியாவில் விற்கும் ஸ்போர்ட்ஸ் கார் அதை வேண்டாவெறுப்பாகச் சகித்துக்கொள்ளாமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.

கைக்கியர் வேண்டும் என்ற பொதுக் குரலோடு நான் சேரவில்லை. முகூர்த்த நாளில் மகாமகக் குளத்தைச் சுற்றி ஊர்ந்து வந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரட்டை கிளட்ச்சும் அந்த வேகத்தில் முதல் கியரிலும் இரண்டிலும் தடுமாறி உதறுகிறது. வெயில் காலத்தில் கியர் சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கையும் வருகிறது. ஊர்ந்து போவதற்கென்று மென்மையான ஒரு ஓட்டமுறை வேண்டும். இருக்கையில் காற்று வர வேண்டும். கறுப்புத் தோல் இருக்கை ஜெர்மானியக் குளிருக்குப் பொருத்தம், அக்கினி நட்சத்திரத்துக்கு அல்ல. ஏசிக்குத் திருகும் குமிழ் வேண்டும். வைப்பர், இண்டிகேட்டர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான்கள் இருப்பதை கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல் மதிப்பெண்ணில் சேர்த்திருப்பது நல்ல தொடக்கம், ஏசியும் அந்த வரிசையில் வந்தால் நிம்மதி.

எலெக்ட்ரிக் வண்டிதான் இதற்கெல்லாம் விடை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 2025 ஜூலையில் இந்தியாவுக்கு வந்த எம்ஜி சைபர்ஸ்டர் 510 பிஎஸ் (குதிரைத்திறன்) திறனோடு 3.2 விநாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது. ஊர்ந்து போவதில் உதறல் இல்லை, சூடான சைலன்சர் இல்லை, எத்தனால் கவலையும் இல்லை. ஆனால் எடை இரண்டு டன்னை நெருங்குகிறது, வயிறு தாழ்ந்தே இருக்கிறது, எலிக்கு வயர் எல்லா வண்டியிலும் வயர்தான்.

எந்த எஞ்சினாக இருந்தாலும் பழுது பார்ப்பதற்கு எனக்கு அருகில் யாரும் இல்லை. என் வண்டிக்கான சேவை மையம் சுமார் 300 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில் இருக்கிறது; ஒரு சிறிய எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கிறது. உள்ளூர் மெக்கானிக்கின் ஸ்கேனர் எஞ்சினின் பழுதுக் குறியீடுகளை மட்டும் படிக்கிறது. சஸ்பென்ஷன், கதவு, கியர் ஆகியவற்றின் கணினிகள் பூட்டப்பட்டிருக்கின்றன. இத்தனை பெரிய திரையில் "சேவை மையத்தை அணுகவும்" என்று மட்டும் எழுதுவதற்குப் பதிலாக, எந்தச் சென்சார், எந்தப் பழுதுக் குறியீடு, இப்படியே சென்னை வரை ஓட்டலாமா கூடாதா என்ற மூன்றையும் எழுதிக் காட்டலாம். மென்பொருளில் செய்யக்கூடிய திருத்தம் என்பதால், அடுத்த மாடல் வரை காத்திராமல் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கும் இதை அனுப்ப முடியும்.