பிஎல்ஜிஏவா, பிசிஎல்லா: மருந்து தீர்ந்த பிறகு உறை என்ன ஆகும்?

தண்ணீரில் கரைய மறுக்கும் மருந்தை நுண்கோளங்களுக்குள் அடைத்து, ஒரே ஊசியில் போட்டுப் பல வாரங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விட வேண்டும். என் எம்.பார்ம் ஆய்வு இதுதான். மருந்து செலகாக்சிப் என்னும் வலி நிவாரணி. ஒரு லிட்டர் தண்ணீரில் சில மில்லிகிராம் கரைந்தால் பெரிது.

இந்த மருந்தை எடுத்ததற்கு எங்கள் ஊர்தான் காரணம். பென்னாகரம் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடித்தே மூட்டு இறுகிப்போனவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. என் ஆயா வலி மாத்திரையை வேளைக்கு வேளை விழுங்கி வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டார். இந்த ஊசி ஃபுளூரைடு பாதிப்பைக் குணப்படுத்தப் போவதில்லை. வலிக்கான மருந்தை வயிற்றின் வழியே அனுப்பாமல் மூட்டுக்குள்ளேயே வைத்துவிட முடியுமா என்பதுதான் கேள்வி.

மருந்தைப் பொதியும் உறைக்கு, உடலுக்குள் தானே சிதையும் இரண்டு பாலிமர்கள் முன்னால் நின்றன: பிஎல்ஜிஏ (லாக்டிக், கிளைகோலிக் அமிலங்களால் ஆனது), பிசிஎல் (பாலிகாப்ரோலாக்டோன்). நான் எடுத்தது பிஎல்ஜிஏ. பிசிஎல்லில் மூன்றே தொகுதிகள்தான் செய்து பார்த்தேன். அதைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை இரண்டுக்கும் ஒன்றேதான். பாலிமரையும் மருந்தையும் டைகுளோரோமீத்தேன் என்னும் கரைப்பானில் கரைத்து, பாலிவினைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். கரைப்பான் ஆவியாகப் போனதும் கோளங்கள் கெட்டிப்படும். மருந்துக்குத் தண்ணீர் பிடிக்காததால் அது வெளியே ஓடாமல் உறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கரையாத குணம் உதவுவது இந்த ஓர் இடத்தில்தான். விலையில் பிசிஎல் வெகு மலிவு. அதில் விவாதமே இல்லை.

வெயிலிலும் பிசிஎல்லுக்கே வெற்றி. அது உருக 60 டிகிரி செல்சியஸ் வேண்டும். பிஎல்ஜிஏ 45, 50 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஈரம் இருந்தால் அதற்கும் கீழேயே. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். மே மாதம் ஒரு தொகுதியை உலர்த்தும் அடுப்பில் 40 டிகிரியில் வைத்துவிட்டு மதிய உணவுக்குப் போனேன். அடுப்பின் வெப்பக் கட்டுப்பாடு சரியில்லை. திரும்பி வந்து பார்த்தால் வெள்ளைப் பொடி இருந்த தட்டில் ஒரு வில்லை இருந்தது, அப்பளம் போல. வழிகாட்டிப் பேராசிரியர் அதைத் தட்டிப் பார்த்து, "நுண்கோளம் கேட்டால் பெருங்கோளம் செய்திருக்கிறாயே அப்பா" என்றார். அன்று முதல் உலர்த்துவது வெற்றிட உலர்த்திக் கலத்தில், அறை வெப்பத்தில். வைப்பது ஃபிரிட்ஜில், சிலிக்கா ஜெல்லோடு. மின்சாரம் போனால் வயிற்றைக் கலக்கும்.

டைகுளோரோமீத்தேன் கொதிப்பதும் 40 டிகிரியில்தான். தருமபுரியின் சித்திரை வெயிலில் அது பீக்கரிலிருந்து தானே ஓடிவிடும். கரைப்பான் அவசரமாகப் போனால் கோளத்தில் துளைகள் விழும். துளை விழுந்தால் முதல் நாளே மருந்து கொட்டும். பனிக்கட்டித் தொட்டியில் வைத்துத்தான் கலக்குகிறேன். இந்தத் தொல்லை இரண்டு பாலிமருக்கும் பொது.

இத்தனைக்குப் பிறகும் பிஎல்ஜிஏ பக்கம் நான் நிற்கக் காரணம் ஒன்றே ஒன்று. மருந்து தீர்ந்த பிறகு உறை என்ன ஆகிறது?

லாக்டிக், கிளைகோலிக் பங்குகள் சரிசமமான 50:50 பிஎல்ஜிஏ உடலில் ஏறக்குறைய ஒன்றிரண்டு மாதங்களிலும், லாக்டிக் பங்கு கூடிய 75:25 நான்கைந்து மாதங்களிலும் நீரால் சிதைந்து லாக்டிக் அமிலமாகவும் கிளைகோலிக் அமிலமாகவும் பிரிந்து போய்விடும். பிசிஎல் முழுதும் மறைய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதிலும் முதலில் சங்கிலிகள்தான் உள்ளுக்குள் அறுபடும். எடை குறையத் தொடங்குவது வெகுநாள் கழித்து. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு மில்லிகிராம் கோளங்களில் மருந்து 20 என்றால் உறை 80. மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஆண்டில் எட்டு ஊசி. பிசிஎல் என்றால் எட்டு ஊசிகளின் காலி உறைகளும் ஒரே முழங்காலுக்குள் கிடக்கும். 640 மில்லிகிராமில் பெரும்பகுதி அங்கேயேதான். ஏற்கெனவே இறுகிப்போன மூட்டு அது. 50:50 என்றால் அடுத்த ஊசிக்குள் பழைய உறை போயிருக்கும். 75:25 என்றாலும் ஓர் உறை, மிஞ்சினால் இரண்டு.

ஒரே ஒரு முறை வைத்து ஓராண்டுக்கும் மேல் விட்டுவைக்கும் மருந்தாக இருந்தால் நானே பிசிஎல்லை எடுத்திருப்பேன். கருத்தடை மருந்துக்கு அதில் உட்பதியம் செய்து பார்த்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பப் போடும் ஊசிக்கு அது எனக்குச் சரிப்படவில்லை.

என் மூன்று தொகுதிகளில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பிசிஎல் படிகமாக இறுகும் இயல்புள்ளது. இறுகும்போது மருந்தை மேற்பரப்புக்குத் தள்ளிவிடுகிறது போலும். முதல் வாரம் வேகமாகக் கசிந்து, பிறகு நொண்டியது. மூன்று தொகுதிகளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பிஎல்ஜிஏவுக்கும் கோணல்கள் உண்டு. சிதையும்போது கோளத்துக்குள் அமிலம் தேங்கும். அமிலம் தாங்காத மருந்துக்கு ஆகாது. கசிவும் சீராக வராது. மனநோய்க்கான ரிஸ்பெரிடோன் நுண்கோள ஊசி இதே பாலிமர்தான். முதல் ஊசி போட்ட பிறகு மூன்று வாரம் மாத்திரையும் தொடர வேண்டும், ஏனென்றால் முக்கியக் கசிவு தொடங்கவே அவ்வளவு நாள் ஆகிறது. ஆனாலும் முன்னால் நடந்தவர்களின் தடம் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. புரோஸ்டேட் புற்றுநோய்க்கான லூப்ரோலைடு மாத ஊசி 1989இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முழங்கால் தேய்மான வலிக்கென்றே 2017இல் அங்கு வந்த ஜில்ரெட்டா, கரையாத டிரையாம்சினலோன் என்னும் ஸ்டீராய்டை 75:25 பிஎல்ஜிஏவில் அடைத்ததுதான்.

நானும் 75:25ஐயே எடுத்திருக்கிறேன். ஜூனில் தொடங்கிய கசிவுச் சோதனை 37 டிகிரியில் ஓடுகிறது. மருந்து கரைய இடம் வேண்டுமே என்று பஃபர் கரைசலில், கரைக்க உதவும் ட்வீன் 80 என்னும் பொருளைக் கலந்து, வாரம் இரு முறை மாதிரி எடுக்கிறேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனாலும் மறுநாளே திரும்ப வேண்டியிருக்கும்.