பருத்தி என்று சொல்லி பாலியெஸ்டரை அனுப்பினார்கள், 18,500 போச்சு

18,500 போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "சரி, தொலையட்டும்" என்று நானே விட்டுவிடுவேன், அப்படி விடுகிறவர்களை நம்பித்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. படம் பகிரும் செயலி ஒன்றில் பக்கம் வைத்துக்கொண்டு, வீட்டில் கைவேலை செய்பவர்களுக்கென்றே துணி, பேட்டிங் (இரண்டு துணிக்கு நடுவே வைத்துத் தைக்கும் பஞ்சு அடுக்கு), நூல், ஜிப் எல்லாவற்றையும் பெட்டியாகக் கட்டி விற்கும் வகைக் கடை. பொழுதுபோக்காகத் தைக்கிறவர்களுக்கு இந்த வகைப் பக்கங்கள் நன்றாகத் தெரியும், எல்லாம் ஒரே மாதிரி வெளிர் நிறத்தில், மடித்த துணி அடுக்கும் மர ஸ்கேலுமாக இருக்கும். துணியை எப்படிச் சோதித்து வாங்குவது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் தொழிலுக்குத் தைப்பவள் இல்லை. குஷன் உறை, டேபிள் ரன்னர், ஜிப் வைத்த சின்னப் பை, சூடான பாத்திரம் இறக்கும் பாட் ஹோல்டர், ஓவன் கையுறை, இவைதான். தைப்பதில் பெரும்பாலானவை யாருக்காவது பரிசாகப் போய்விடும். துணி விஷயத்தில் எனக்கு ஒரே பிடிவாதம், பருத்தி. மடித்த இடத்தில் மடிந்து நிற்கும், இஸ்திரிக்கு அடங்கும், சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும்போது வழுக்காது. சூடு பிடிக்கும் பொருளென்றால் இதைப் பிடிவாதம் என்றுகூடச் சொல்ல முடியாது, கட்டாயம். பாலியெஸ்டர் சுமார் 250 முதல் 260 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். பருத்தி கருகும், எரியும், ஆனால் உருகாது. உருகினது தோலில் ஒட்டிக்கொண்டால் உடனே பிய்த்து எடுக்கவும் முடியாது. அதனால்தான் மேல்துணி மட்டுமல்ல, உள்ளே வைக்கும் பேட்டிங்கும் பருத்தியாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறோம்.

இதை எனக்கே சொல்லிக்கொடுத்தவர் போல அந்தக் கடைக்கார அம்மா பேசினார், அதுதான் இன்னும் வயிறெரிகிறது. விலை கேட்டு ஒரு வரி அனுப்பினேன், விலை சொல்லாமல் "என்ன தைக்கப் போறீங்க அக்கா?" என்று திருப்பிக் கேட்டார். பொருளைத் தள்ளிவிட்டால் போதும் என்கிறவர்கள் இப்படிக் கேட்பதில்லையே என்று நினைத்தேன். பாட் ஹோல்டர் என்றதும் குரல் பதிவே போட்டார்: "அக்கா, தயவுசெஞ்சு அதுக்குப் பாலியெஸ்டர் பேட்டிங் வைக்காதீங்க, விலை கம்மின்னு நிறைய பேர் வாங்குறாங்க, சூட்டுல உருகிடும். நான் உங்களுக்கு நூறு சதவீதம் காட்டன் பேட்டிங் தர்றேன், ரெண்டு அடுக்கா வைங்க." எந்தத் துணிக்கு எந்த ஊசி என்றுகூடச் சொன்னார். ஒட்டுத்தையலுக்கு 80/12 போதும், பல அடுக்கு சேர்த்துத் தைக்கும்போது 90/14 மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். அத்தனையும் சரியான தகவல். ஒரு வரிகூடத் தப்பில்லை. இவ்வளவு தெரிந்தவரிடம் துணி ஒழுங்காகத்தானே இருக்கும்?

அப்புறம் லாட் கதை, அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட துணித் தொகுதி. சாயம் போடும்போது ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நிறம் கொஞ்சம் மாறும், இது உண்மை, தைக்கிற எல்லோருக்கும் தெரியும். குஷன் உறை நாலு தைத்துவிட்டு ஐந்தாவதுக்குத் துணி வாங்கினால் அது தனியாகத் தெரியும். "இந்த நீலம் இதோட முடிஞ்சுது அக்கா, அடுத்த லாட்ல இதே நிறம் வரும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது, வேணும்னா மொத்தமா எடுத்துக்கோங்க." நான் என் தோழியைக் கேட்டேன், அவளும் தைப்பாள், பாதிப் பணம் அவள் போடுவதாகச் சொன்னாள். 20 மீட்டர் அச்சுத் துணி, பேட்டிங், ஜிப், நூல்கண்டு, எல்லாம் சேர்த்து 18,500. செயலி வழியாகக் கட்டப் போனால், "அதுல கமிஷன் புடிச்சுக்குவாங்க அக்கா, நேரா அனுப்பிடுங்க, அந்தக் காசுக்கு உங்களுக்கு ரெண்டு மீட்டர் பேட்டிங் கூட வெக்கிறேன்" என்றார். துணியை வெட்டுவதை வீடியோ எடுத்து அனுப்பினார். வீடியோவில் கரையில், அதாவது துணியின் நெய்த ஓரத்தில், உற்பத்தியாளர் பெயரும் நிற வட்டங்களும் அச்சடித்திருப்பது தெளிவாகத் தெரிந்தது, ஒட்டுத்தையலுக்கென்றே விற்கும் நல்ல குவில்ட்டிங் பருத்தியில் அப்படித்தான் இருக்கும். 18,500 அனுப்பினேன்.

பெட்டி அழகாகத்தான் வந்தது. ரிப்பன் கட்டி, கையால் எழுதிய நன்றி அட்டை வைத்து. பிரித்ததும் கண்ணில் பட்டது, எந்தத் துணியிலும் கரை இல்லை. இரண்டு பக்கமும் நேராக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. கேட்டேன். "கரை வேஸ்ட்தானே அக்கா, எப்படியும் வெட்டித்தான் போடுவீங்க, உங்களுக்கு வேலை மிச்சம்னு நாங்களே எடுத்துட்டோம்" என்றார். இந்தப் பதிலை இப்போது நினைத்தால் பாராட்டத்தான் தோன்றுகிறது, என்ன ஒரு சாமர்த்தியம். கரை போனால் யார் நெய்தது என்கிற அடையாளமும் போச்சு.

துவைத்துப் போட்டேன், துளிகூடச் சுருங்கவில்லை. பருத்தி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்குவது சாதாரணம். ஆனால் "முன்னாடியே துவைச்சது, இனி சுருங்காது" என்று பக்கத்திலேயே போட்டிருந்தார்கள், ஆகவே சந்தோஷம்தான் பட்டேன். ஒரு பொய்யை இன்னொரு பொய் எப்படித் தாங்குகிறது பாருங்கள். கைக்கும் வித்தியாசம் தெரியவில்லை, மேற்பரப்பை உரசி மென்மையாக்கிய பாலியெஸ்டர் இப்போது பருத்தி மாதிரியே இருக்கிறது.

அளந்து பார்த்தால் அடுத்தது. ஒரு மீட்டர் என்று தனித்தனியாக மடித்த ஒவ்வொரு துண்டும் 36 அங்குலம். அதாவது கெஜம், 91.44 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் என்றால் 39 அங்குலத்துக்கு மேலே வர வேண்டும். ஒரு துண்டுக்கு எட்டரை சென்டிமீட்டர்தானே என்று தோன்றும், 20 துண்டுக்குக் கணக்குப் போட்டால் 1.7 மீட்டர். நாலு குஷனுக்கு முன்பக்கம் வெட்டலாம். இதற்கு ஒரு செய்தி அனுப்பினேன், "வெட்டுற பையன் புதுசு அக்கா, அடுத்த ஆர்டர்ல சரி பண்ணிடறேன்" என்று பதில். சரி, விட்டேன், வேலையைப் பார்க்கலாம் என்று.

ஒட்டுத்தையல் போட்டு, தையலை விரித்து இஸ்திரி வைத்தேன். பருத்திக்கு வைக்கிற சூட்டில்தான் வைத்தேன். துணி பளபளவென்று மின்னி, பெட்டிக்குக் கீழேயே சுருங்கி, ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு நூலை உருவி எடுத்து இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்துக் கொளுத்தினேன். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டால் பொடியாகும். இது நெருப்பைக் கண்டதும் சுருண்டு விலகியது, உருகிச் சொட்டியது, ஆறியதும் கறுப்பாக, கெட்டியாக, நகத்தால் நசுக்க முடியாத ஒரு மணி. சுத்தமான பாலியெஸ்டர். கை நடுங்க பேட்டிங்கிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி அதையும் கொளுத்தினேன். அதே கறுப்பு மணி. எந்த பேட்டிங்கை வைக்காதீர்கள் என்று குரல் பதிவு போட்டுச் சொன்னாரோ, அதையே காட்டன் விலை வைத்து எனக்கு விற்றிருக்கிறார்.

இதற்குள் நான் ஒரு ஜோடி பாட் ஹோல்டர் தைத்துப் பரிசாகக் கொடுத்துவிட்டேன். மேல்துணி என்னிடம் மிச்சமிருந்த பழைய பருத்தி, உள்ளே இந்த பேட்டிங். கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்டு எப்போதாவது போன் செய்திருக்கிறீர்களா? "அதை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீங்க, நான் வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்ல வேண்டியிருந்தது. எதிர்முனையில் ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. பணம் போனதைவிட இதுதான் எனக்கு அவமானம். என் கையால் தைத்த பொருள் ஒருவர் கையைச் சுட்டிருக்கும்.

இனி பதில்கள். நெருப்புச் சோதனையை வீடியோ எடுத்து அனுப்பினேன். முதலில் ஒரு கைகூப்பும் பொம்மை மட்டும் வந்தது. அப்புறம், "காட்டனும் எரியும்தானே அக்கா." எரிவதற்கும் உருகுவதற்கும் வித்தியாசம் எனக்கே சொன்னவர் இவர்! "இஸ்திரிப் பெட்டி ரொம்பச் சூடா இருந்திருக்கும்." அடுத்து, "சப்ளையர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்." சப்ளையர் ஊரில் இல்லை. சப்ளையருக்கு உடம்பு சரியில்லை. அந்த சப்ளையர் உண்மையில் இருந்தால் அவருக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும். பிறகு தொனி மாறிவிட்டது. "மேடம், வெட்டின துணி, துவைச்ச துணி திரும்ப எடுக்க மாட்டோம், பக்கத்துல தெளிவா போட்டிருக்கோம்." "பார்சல் பிரிக்கிற வீடியோ இருக்கா மேடம்? இல்லாட்டி எங்க துணிதான்னு எப்படி நம்புறது?" துவைக்காமல், வெட்டாமல் துணியைத் தைக்க முடியுமா? கரையையும் வெட்டி எடுத்துவிட்டு, எங்கள் துணிதானா என்று என்னிடமே கேட்கிறார்.

"எத்தனையோ கஸ்டமர் வாங்கறாங்க, யாரும் குறை சொன்னதில்லை" என்றும் வந்தது. எப்படிச் சொல்வார்கள்? அவர்கள் பக்கத்தில் நான் போட்ட கருத்து கொஞ்ச நேரத்தில் காணாமல் போனது, திரும்பப் போட்டேன், அதுவும் போனது, அப்புறம் கருத்து எழுதும் இடமே எனக்கு மூடிவிட்டது. கடைசியாக வந்த செய்திதான் உச்சம்: அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன், அதற்கும் காலக்கெடு. 18,500ஐப் பறிகொடுத்தவளுக்குத் தள்ளுபடி! "எனக்குப் பணம் வேண்டும்" என்று எழுதினேன். அத்தோடு என்னை முடக்கிவிட்டார்.

செயலியில் புகார் கொடுத்தேன். பணம் எங்கள் வழியாகக் கட்டப்படாததால் ஒன்றும் செய்ய இயலாது என்று இயந்திரம் எழுதிய மாதிரி ஒரு பதில், கீழே "எங்கள் சேவை திருப்தியாக இருந்ததா?" என்று நட்சத்திரம் கேட்டிருந்தார்கள். வங்கியில், நீங்களே விருப்பப்பட்டு அனுப்பிய பணம், பொருளும் வந்திருக்கிறது, இது உங்களுக்கும் விற்றவருக்கும் உள்ள தகராறு என்றார்கள். எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், நம்பிக்கை பெரிதாக இல்லை. தோழி ஒன்றும் சொல்லவில்லை, அவள் பாதியை நான்தான் கொடுக்கப் போகிறேன், அவள் வேண்டாம் என்றாலும். "ஆன்லைன்ல துணி வாங்கினா இப்படித்தான்" என்று சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து இன்னொரு நாள் வாருங்கள். ஏமாற்றியவளை விட்டுவிட்டு ஏமாந்தவளுக்குப் பாடம் எடுப்பதைக் கேட்கும் பொறுமை இப்போது எனக்கு இல்லை.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இதற்கு மேல் கை ஓடவில்லை. அவசரமாகச் சொல்கிறேன். மொத்தமாக வாங்கும் முன் ஒரு கால் மீட்டர் மட்டும் காசு கொடுத்து வரவழைத்து, குறுக்கு நூல் ஒன்று, நெடுக்கு நூல் ஒன்று எனத் தனித்தனியாகக் கொளுத்திப் பாருங்கள், ஒரு பக்கம் பருத்தி மறுபக்கம் பாலியெஸ்டர் என நெய்த கலப்பும் உண்டு. பேட்டிங்கையும் கொளுத்துங்கள், அதை யாரும் சோதிப்பதில்லை. கரை இல்லாத துணி வந்தால் அன்றைக்கே திருப்புங்கள். லாட் முடியப் போகிறது என்றால் முடியட்டும். பணத்தைச் செயலிக்கு வெளியே கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

கரை வெட்டிய துணியோடு, ரிப்பன் கட்டிய பெட்டியில் பேட்டிங் வாங்கியவர்கள் இதைப் படித்தால், இன்றைக்கே ஒரு துணுக்கைக் கிள்ளிச் சோதித்துவிடுங்கள். கறுப்பு மணி வந்தால், அதை வைத்துத் தைத்த பாட் ஹோல்டரோ கையுறையோ யார் வீட்டில் இருந்தாலும் கூச்சப்படாமல் போன் செய்து திரும்ப வாங்கிவிடுங்கள்.