வரைபடத்தில் விரல் வைத்துப் படிக்கும் வரலாறு: சேலத்தில் ஒரு வாசிப்பு வகுப்பு

அஸ்தம்பட்டியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் சிறுவர் வாசிப்பு வகுப்புக்கு, ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளை இரண்டு மாதங்களாக அழைத்துச் செல்கிறேன். வரலாற்றுப் பாடத்தை முதல் வரியிலிருந்து ஒப்பிக்க வைக்காமல், உட்தலைப்பு, படவிளக்கம், காலக்கோடு ஆகியவற்றை முதலில் பார்த்து, அவற்றிலிருந்து தமக்கு எழும் கேள்விகளைக் குறித்துக்கொண்ட பிறகே வாசிக்கச் சொல்கிறார்கள். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையைப் படித்த அன்று, திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பகுதிகளை வரைபடத்தின் குறிவிளக்கத்தைக் கொண்டு தேடியவள், இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியான பாராமகாலுக்குத் தெற்கே விரலை நிறுத்தி, "அம்மா, நம்ம சேலமும் இதுல இருக்கு" என்றாள். அந்த விரலை அவள் வெகுநேரம் எடுக்கவில்லை. நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவைப் பயன்படுத்தப் பத்து நிமிடம்கூட ஒதுக்காதது பெருங்குறை. தேவையான பக்கத்தைத் தானே தேடியெடுக்கும் பழக்கம் அதிலிருந்துதான் வரும் என்பதால், இதை ஆசிரியரிடமும் சொல்லியிருக்கிறேன்.