தால்யான்: சேறா, வெந்நீர் ஊற்றா?

துருக்கியின் தால்யானில் படகேறினால் சேற்றுக் குளியல், வெந்நீர் ஊற்று இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

சேற்றை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். கண், வாய், காயம் பக்கம் போகாதீர்கள். வெயிலில் வெளிறிக் காய்ந்ததும் கழுவிவிடலாம். தடிமனாக அப்பினால் எளிதில் காயாது. தலைமுடியில் ஏறவே விடாதீர்கள், அலசி மாளாது! வெளிர்நிற நீச்சலுடையில் கறை நின்றுவிடும்.

சுல்தானியே ஊற்று கொய்ஜெயிஸ் ஏரிக்கரையில் இருக்கிறது. நீரின் சூடு சுமார் 39 டிகிரி, நல்ல கந்தக வாடை. வெள்ளி நகையைக் கழற்றிவிடுங்கள். கந்தகம் பட்டால் கறுத்துவிடும். 10 அல்லது 15 நிமிடம் போதும். அதற்கு மேல் இருந்தால் இரத்த அழுத்தம் இறங்கி, எழும்போது தலை சுற்றும். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

பிள்ளைகளோடு போனால் சேறுதான் என் தேர்வு. மூட்டு இறுக்கத்துக்கு ஊற்று. கழுவும்போது வெயில்காப்புக் களிம்பும் போய்விடும். இஸ்துசு கடற்கரைக்குப் போகுமுன் மறுபடி பூசுங்கள்.