பெல்லட்டை நிறுக்கவா, சுட்டுப் பார்க்கவா?

ஊருக்குப் போனால் மாமா தவறாமல் கேட்பார்: "அமெரிக்காவுல வேட்டைக்காரங்க தோட்டாவை வீட்டிலேயே செஞ்சுக்கறாங்களாமே, நீயும் செய்வியாடா?" செய்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். வேட்டையை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதை 1959 ஆயுதச் சட்டம் தடுக்கிறது. போட்டியில் சுடுகிற .22 தோட்டாவும் வீட்டு வேலைக்கு ஒத்துவராது. அதில் பற்றவைக்கும் மருந்து அடி விளிம்புக்குள்ளேயே இருக்கிறது; ஒருமுறை சுட்டால் தீர்ந்தது.

ஆனாலும் அந்த அமெரிக்க வேட்டைக்காரர்களைப் பிடித்து ஆட்டுகிற பைத்தியம், அதாவது ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் முடியளவு வித்தியாசம்கூட இருக்கக்கூடாது என்கிற பைத்தியம், காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் ரைபிளால் 10 மீட்டர் தூரத்து இலக்கைச் சுடுகிற எங்களுக்கும் உண்டு. அதைத் தணித்துக்கொள்ள கிளப்பில் இரண்டு கட்சி. பெல்லட்டை, அதாவது ஏர் ரைபிளின் சின்ன ஈயக் குண்டை, மில்லிகிராம் தராசில் நிறுத்துப் பிரிப்பவர்கள் ஒரு கட்சி. ரைபிளை வைஸில், அதாவது அசையாமல் பிடிக்கும் இடுக்கியில், பூட்டி, பல பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) பெல்லட்டுகளைச் சுட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னொரு கட்சி. நான் முதல் கட்சியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு மாறியவன்.

நிறுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை மறைப்பானேன். நகைக்கடையில் இருப்பதுபோன்ற சின்ன எலக்ட்ரானிக் தராசு, ஒரு இடுக்கி, நாலைந்து கிண்ணங்கள். 500 பெல்லட் உள்ள ஒரு டப்பாவைப் பிரிக்க எனக்கு இரண்டு மாலைகள் ஆகும். சென்னையில் இதற்கு ஒரு தனித் தண்டனையும் உண்டு. ஃபேன் ஓடினால் தராசின் கடைசி எண் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். மே மாதத்தில் புரசைவாக்கம் வீட்டில் ஜன்னலையும் அடைத்து, ஃபேனையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை தராசுத் தட்டில் விழுந்தது. அத்தோடு அன்றைய கணக்கு முடிந்தது. "இதுக்குப் பேசாம தியானம் பண்ணலாம்," என்றாள் மனைவி.

சரி, பலன் என்ன? போட்டி பெல்லட்டின் எடை ஏறத்தாழ 0.53 கிராம். நொடிக்குச் சுமார் 172 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் 10 மீட்டரைக் கடக்க 0.058 நொடி. அதற்குள் புவியீர்ப்பு அதைக் கிட்டத்தட்ட 16 மி.மீ. இறக்கிவிடும். ஒரு பெல்லட் 5 மில்லிகிராம் கூடுதல் என்றால் எடையில் ஒரு சதவீதம். அதே காற்றழுத்தம் அதைச் சற்று மெதுவாகத் தள்ளும். இறக்கமும் ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடும். அதாவது 0.16 மி.மீ. இலக்கு அட்டையில் 0.1 புள்ளியின் அகலமே 0.25 மி.மீ. இரண்டு மாலை வியர்த்ததற்கு ஒரு தசமப் புள்ளிகூட முழுசாகத் தேறவில்லை! இந்தக் கணக்கை நான் முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

எடையைவிடத் தலையின் அளவும் பின்புறப் பாவாடையின் வடிவமும்தான் முக்கியம். குழலின் வரிப்பள்ளத்தை அழுத்திப் பிடிப்பதும், காற்று கசியாமல் அடைப்பதும் அவைதான். ஈயம் மெத்தென்ற உலோகம். டப்பா ஒருமுறை கீழே விழுந்தாலே பாவாடை நெளிந்துவிடும். நெளிந்ததைக் கண்ணால் பார்த்து ஒதுக்குவது மட்டும் கட்டாயம். அதற்குத் தராசு வேண்டாம். மலிவான உள்ளூர் டப்பா ஒன்றில் கைப்பிடியளவு ஒதுக்கியிருக்கிறேன். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் என்கிற போட்டி ரக டப்பாக்களில் எனக்கு அந்த வேலையே அநேகமாக இல்லை. விலையும் அதற்கேற்ப ஏறும்.

இப்போது வைஸ் கட்சி. டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று மி.மீ.யில் தலையளவு போட்டிருக்கும், பேட்ச் எண்ணும் இருக்கும். ரேஞ்சில், அதாவது சுடும் கூடத்தில், ரைபிளைப் பூட்டி, ஒவ்வொரு பேட்ச்சிலும் பத்து பத்தாக ஒரே துளையில் சுட வேண்டும். பிறகு துளையை ஒரு வெளி விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை காலிப்பரால் அளக்க வேண்டும்; துளை எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. என் ரைபிளில் 4.50 ஒன்று 5.8 மி.மீ. கொடுத்தது. அதே கம்பெனியின் வேறு பேட்ச், அதே 4.50தான், 7 மி.மீ.யைத் தாண்டியது. இரண்டையும் தராசில் வைத்தால் வித்தியாசமே தெரியாது. பக்கத்து லேனில் சுடும் அண்ணனுக்கு அந்த ஏழு மி.மீ. பேட்ச் அருமையாகப் பொருந்தியது. பெல்லட் நல்லதா கெட்டதா என்பதைவிட, இந்தக் குழலுக்கு ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி, அதைத் தராசிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை.

இதிலும் தலைவலிகள் உண்டு. வைஸ் எல்லோரிடமும் இருக்காது, ரேஞ்ச் நேரத்துக்குக் கெஞ்ச வேண்டும். பேட்ச் பிடித்துப்போனால் அன்றே மொத்தமாக வாங்கிவிட வேண்டும். நான் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று விட்டேன். திரும்பிப் போனபோது அந்த எண் விற்றுத் தீர்ந்திருந்தது. சோதனையை முதலிலிருந்து தொடங்கினேன்.

இவ்வளவும் யாருக்கு? 60 குண்டில் 600 எடுப்பவரின் சராசரி 10.0. அவர் குண்டு சராசரியாக மையத்திலிருந்து இரண்டரை மி.மீ. தள்ளிப் போகிறது. அவருக்கு இரண்டு கட்சியும் வேண்டாம். அந்தக் காசில் கூடுதலாக நாலு டப்பா வாங்கிப் பயிற்சி செய்யலாம். கடலூரில் பிறந்த ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் போட்டியிடும் மட்டத்தில் 0.1 புள்ளிக்கு இறுதிச்சுற்றே கைநழுவிப் போகலாம். அங்கே வைஸ் சோதனை இல்லாமல் முடியாது. நான் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறேன்.

கடற்காற்றுக்கு ஈயம் வெள்ளைப் பூத்துவிடுகிறது என்பதால் தேர்ந்த பேட்ச்சை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்கிறேன், மேலே பேட்ச் எண்ணும் துளை அளவும் எழுதி. தராசை மனைவி சமையலறைக்குக் கேட்டாள். ஈயம் பட்ட தட்டு, கூடாது என்று சொல்லிவிட்டேன். பரண்மேல் கிடக்கிறது.