எண்ணெய்க் கடையும் இடம் மாறிய கொம்பும்: மூன்றரை வருட அனுபவம்

போன வாரம் கல்லூரி நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். நான் கடைகளுக்குப் போட்டுக்கொடுக்கும் இணைப்புக் கருவி ஒன்றுக்குத் தள்ளுபடி. வருடத்துக்கு 9,600 ரூபாயாக இருந்தது 5,999க்கு இறங்கியிருக்கிறது. கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "மாப்ள, நீ இதைத்தானே வெச்சிருக்க? வீட்ல கடை ஆரம்பிக்கிறாங்க, வாங்கலாமா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லு."

இரண்டில் ஒன்றாகச் சொல்ல முடியாததால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கருவியின் பெயர் வேண்டாம். என்ன செய்யும் என்பது இந்த வகைக் கருவிகளைத் தொட்டவர்களுக்குத் தெரியும்: தளத்தில் இருக்கும் பொருள் பட்டியலை இன்ஸ்டாகிராமுக்கும் ஃபேஸ்புக்குக்கும் வாட்ஸ்அப் கேட்லாகுக்கும் கொண்டுபோகும், எங்கிருந்து ஆர்டர் வந்தாலும் ஒரே இடத்தில் காட்டும், ஒவ்வொரு பொருளுக்கும் பகிர்வதற்கென்று ஒரு கார்டு படம் தானே செய்துகொடுக்கும். அந்தக் கார்டைப் பற்றித்தான் இந்தப் புலம்பல் முழுக்க.

2022 ஆடியில் காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கும் ஓர் அக்காவின் கடைக்கு இதைப் போட்டுக்கொடுத்தேன். தளம் வூகாமர்ஸில், அதாவது வேர்ட்பிரஸ் தளத்தில் கடை நடத்த உதவும் மென்பொருளில். அதுவரை அவர் வியாபாரம் ஒரு நோட்டிலும் இரண்டு போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. அரை லிட்டர், ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் டின் என்று ஒவ்வொரு எண்ணெய்க்கும் மூன்று அளவு. மூன்று அளவுக்கும் கையிருப்பு தனித்தனி. இதற்கு முன் முயன்ற இரண்டு கருவிகள் அளவுகளைத் தனித்தனிப் பொருளாகப் பிரித்துப்போட்டு கேட்லாகை மளிகைக் கடை ரசீது மாதிரி ஆக்கிவிட்டன. இது அழகாகச் சேர்த்து வைத்தது. இன்றுவரை ஒரு டின் கூட இரண்டு பேருக்கு விற்றுப்போனதில்லை. சும்மா சொல்லக் கூடாது.

விலை மாற்றுவதும் அப்படித்தான். 2025இல் தேங்காய் விலை ஏறிய ஏற்றத்தில் அக்கா வாரத்துக்கு ஒரு விலை போட வேண்டியிருந்தது. ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும். அவரே போனில் செய்துகொள்கிறார், என்னைக் கூப்பிடுவதில்லை. ஒரு டெவலப்பருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது.

புதிதாகச் சேர்த்த மற்ற வசதிகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரீல்ஸில் பொருளை ஒட்டும் வசதி, ஒட்டுகிறது. நேரலை விற்பனை, அக்காவுக்கு நேரமில்லை. செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் பொருள் விவரம் ஒன்று வந்தது. மரச்செக்கு எண்ணெய்க்கு, 'கோல்ட் பிரஸ்டு' என்பதை அப்படியே பெயர்த்து, அது போட்ட பெயர் 'குளிர் அழுத்த எண்ணெய்'. அக்கா படித்துவிட்டு, "ஏனுங்க தம்பி, ஃபிரிட்ஜுல வெச்சா ஆட்டறோம்?" என்றார். அன்றே அணைத்துவிட்டேன்.

சரி, கார்டுக்கு வருவோம்.

இந்த மாதிரி ஊர்க் கடைக்கு உண்மையில் விற்றுத்தருவது இன்ஸ்டாகிராம் இல்லை. ஒரு வாடிக்கையாளர் தன் சம்பந்திக்கு அனுப்பும் லிங்க். லிங்கை ஒட்டியதும் அதன் மேலே ஒரு படமும் தலைப்பும் வருகிறதே, அந்தக் கட்டம்தான் கடையின் போர்டு. பக்கத்தின் தலைப்பு எது, படம் எது என்று சொல்ல ஃபேஸ்புக் 2010இல் கொண்டுவந்த ஓபன் கிராஃப் குறிச்சொற்களை வைத்துத்தான் இன்றும் அது வேலை செய்கிறது. 1200க்கு 630 பிக்சலில் ஒரு படம் கொடுத்தால் போதும். கருவி செய்கிற கார்டு அதே அளவு. பின்னணியில் பொருளின் படம், மேலே பெரிய எழுத்தில் பெயர், மூலையில் கடையின் சின்னம். ஆங்கிலத்தில் பெயர் கொடுத்தால் பார்க்க அம்சமாக இருக்கும்.

அக்கா ஆங்கிலத்தில் போட ஒப்புக்கொள்ளவில்லை. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ஐம்பது தாண்டிய பெண்கள். தமிழில் பார்த்தால்தான் அடுத்தவருக்கு அனுப்புவார்கள் என்பது அவர் கணக்கு. சரியான கணக்கு. 'நல்லெண்ணெய்' என்று அடித்து முதல் கார்டை எடுத்தோம்.

லகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு, லகரத்தைத் தாண்டிப் போய் அடுத்த ணகரத்துக்கு முன்னால் நின்றது. ணகரத்தின் கொம்பு யகரத்துக்குப் போய்விட்டது. அக்கா போனைத் தூரமாகப் பிடித்து, கிட்டப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் போனை என்னிடம் நீட்டினார்.

காரணம் ரகசியமில்லை. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் 'ணெ' என்பது முதலில் ண, அடுத்து கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது, உச்சரிக்கிற வரிசையில். காட்டும்போது கொம்பை எடுத்து முன்னால் வைப்பது எழுத்துகளைக் கோக்கும் மென்பொருளின் வேலை. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஹார்ஃப்பஸ் என்ற இலவச நிரல் இதைச் செய்துவிடுவதால் நமக்கு இப்படி ஒரு வேலை நடப்பதே தெரிவதில்லை. ஆனால் சர்வரில் படத்தின் மேல் எழுத்தை அச்சடிக்கும் எளிய நிரல்கள் பலவும் கோப்பதில்லை. பிஎச்பி நிரல்மொழியில் படம் வரையும் ஜிடி நூலகத்தில் அதற்கென்று தனியாகச் சேர்த்துக் கட்டினால்தான் உண்டு. இல்லையென்றால் வந்த வரிசையில் வரைந்துவிட்டுப் போய்விடும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் தட்டி எழுதிய காலத்தில் இந்தத் தொல்லை வந்திருக்கவே வந்திருக்காது. அதற்காக அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போக எனக்கு ஆசையில்லை.

இந்தக் குறையை நெசவுக் கடையோ நகைக் கடையோ வைத்திருப்பவர்கள் ஓரளவு தாங்கிக்கொள்ளலாம். எண்ணெய்க் கடைக்காரர் என்ன செய்வார்? தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய். எல்லாவற்றிலும் கொம்பு. கடலையின் ஐகாரக் கொம்பு லகரத்துக்குப் பின்னால் அநாதையாக நின்றது. பட்டியல் முழுக்கத் தேடியதில் ஒழுங்காக வாசிக்க முடிந்த கார்டு ஒன்றே ஒன்று: எள்ளுப் புண்ணாக்கு. உகரங்கள் சற்று விலகி நின்றாலும் தப்பில்லாமல் படிக்கலாம். "புண்ணாக்குக்கு மட்டும் எப்படிங்க இத்தனை அழகா வருது?" என்று அக்கா உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்.

உதவிக் குழுவுக்கு எழுதினேன். ஒரே நாளில் பதில் வந்தது. மரியாதையான ஆட்கள், அதில் குறை சொல்ல முடியாது. தமிழைச் சோதித்துப் பார்த்தோம், சரியாக வருகிறது என்று சொல்லி ஒரு படமும் அனுப்பியிருந்தார்கள். படத்தில் இரண்டு சொற்கள். 'தமிழ்', 'வணக்கம்'.

இரண்டிலும் கொம்பு கிடையாது.

நான் நல்லெண்ணெயை அனுப்பினேன். ஃபான்டை மாற்றிப் பாருங்கள் என்றார்கள். ஏழு ஃபான்ட் மாற்றினேன். ஏழு அழகில் அதே தப்பு. பிறகு 'வளர்ச்சிக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம்' என்ற வாக்கியம் வந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் பொருள் தெரியும்.

படத்தை நீயே செய்து ஏற்ற வேண்டியதுதானே என்பீர்கள். ஏற்றினேன். அடுத்த முறை பட்டியல் புதுப்பிக்கும்போது கருவி தன் கார்டை அதன் மேல் எழுதிவிட்டது. கார்டைத் தனியாக அணைக்க வழியில்லை, மொத்தப் பகிர்வையும்தான் அணைக்க வேண்டும்.

கடைசியில் குறுக்கு வழி ஒன்று கிடைத்தது. கார்டுக்கு மட்டும் தனித் தலைப்புக் கொடுக்க ஒரு பெட்டி இருந்தது. பெயரை வாங்கி, கொம்புகளைப் பிடுங்கி முன்னால் நட்டு, 'கொ' போன்றவற்றைக் கொம்பு, எழுத்து, கால் என்று மூன்றாகப் பிரித்துத் தரும் பதினான்கு வரி நிரல் எழுதினேன். அதாவது, தப்பாக அடித்த தமிழைக் கொடுத்தால் அது சரியாக வரைந்துவிடும். வரைந்தது. அக்காவின் 64 பொருளுக்கும் கார்டு வந்தது. விற்பனையும் ஏறியது. நான் அதை மறந்தும் போனேன்.

2024 தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு இரவு ஒன்பது மணிக்கு அக்கா கூப்பிட்டார். அந்த வாரம்தான் நல்லெண்ணெய் வருடத்திலேயே அதிகம் போகும். கார்டுகளில் வட்டம் வட்டமாக வருகிறது என்றார். பார்த்தால், பெரும்பாலான சொற்களில் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம். எழுத்தில்லாமல் தனியாகக் கொம்பு வந்தால் ஒழுங்கான மென்பொருள் போடும் வட்டம் அது. அவர்கள் திருத்தியிருக்கிறார்கள்! இரண்டு வருடத்துக்கு முன் நான் கேட்டதை, யாரிடமும் சொல்லாமல், தீபாவளி வாரத்தில். என் தப்பான தமிழ் இப்போது உண்மையிலேயே தப்பாகிவிட்டது. 64 தலைப்பையும் திருப்பிப் போட்டு முடித்தபோது மணி இரண்டு. கோபப்படவும் முடியவில்லை, கேட்டது நான்தானே.

கோபப்பட வாய்ப்பு பொங்கலுக்கு வந்தது. கார்டுகள் இப்போது இரண்டு மடங்கு வேகத்தில் உருவாகும் என்று அறிவிப்பு. ஆமாம், வேகமாகத்தான் வந்தன. கொம்புகள் பழைய இடத்துக்கே போயிருந்தன.

அன்றிலிருந்து நிரலில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன். கொம்பு முன், கொம்பு பின். அவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். திங்கட்கிழமை காலையில் மற்றவர்கள் மின்னஞ்சல் பார்ப்பார்கள், நான் நல்லெண்ணெய் கார்டைப் பார்க்கிறேன்.

அப்புறம், எல்லாப் பழியையும் கருவி மேல் போடக் கூடாது. ஆரம்பத்தில் கார்டிலேயே விலையையும் அச்சடிக்கச் சொன்னது நான். வாட்ஸ்அப்பில் லிங்கை ஒட்டும்போது அனுப்புகிறவரின் போன்தான் பக்கத்தைப் பார்த்துப் படத்தை எடுத்துச் செய்தியோடு சேர்த்து அனுப்புகிறது. போன பிறகு தளத்தில் என்ன மாற்றினாலும் அந்தப் படம் மாறாது. ஃபேஸ்புக்கிலாவது மறுபடி எடுக்கச் சொல்ல ஒரு வழி உண்டு. பழைய விலை அச்சடித்த கார்டு குடும்பக் குழுக்களில் சுற்றிச் சுற்றி ஆறு மாதம் கழித்து அக்காவிடமே திரும்பி வந்தது. "போட்ட விலைக்குக் குடுத்தர்றனுங்க" என்று நான்கு டின் நஷ்டத்துக்குக் கொடுத்தார். எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். விலையைக் கார்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் என் பங்குக்கு. லிங்கையும் தமிழிலேயே வைப்போம் என்று உணர்ச்சிவசப்பட்டேன். நல்லெண்ணெய் என்ற ஒரே சொல், நகலெடுத்து ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணுமாக 99 எழுத்து நீளம். அதைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர் மோசடி லிங்க் என்று நினைத்துக் கடை எண்ணையே பிளாக் செய்துவிட்டார். இப்போது லிங்க் மட்டும் ஆங்கிலத்தில்.

சரி, நண்பனுக்கு என்ன சொல்வது? கையிருப்பு, விலை, ஆர்டர் மூன்றிலும் இதற்கு இணையாக இந்த விலையில் நான் பார்த்ததில்லை. அக்காவிடம் வேறு கருவிக்கு மாறலாமா என்று கேட்டேன். "இதுக்கு எங்க கை பழகிருச்சுங்க தம்பி, கொம்பை நீங்க பாத்துக்குவீங்களே" என்றார். நேற்று 5,999 கட்டிப் புதுப்பித்தாயிற்று.

உனக்கு வேண்டாம் மாப்ள. வாங்காதே. உன்னிடம் பதினான்கு வரி நிரலும் இல்லை, திங்கட்கிழமை காலையும் இல்லை. வீட்டில் என்ன விற்கப் போகிறார்கள் என்று கேட்டதற்கு, கேக் என்றாய். முதல் எழுத்திலேயே இரட்டைக்கொம்பு. அவர்கள் டெமோ பக்கத்தில் 'கேக்' என்று அடித்து வந்த கார்டை உனக்கு அனுப்பியிருக்கிறேன். கொம்பு முதல் ககரத்தை விட்டுவிட்டு இரண்டாவதற்கு முன்னால் நிற்கிறது. இன்னும் நீலக் குறி வரவில்லை.